நூத்துக்கு அஞ்சு

"உடைஞ்ச பேரிங்கெல்லாம் எங்கேன்னு கேக்கறேன். வாயில கொழுக்கட்டையா?"

முதலாளியம்மா மேஜையில் தட்டிய தட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களும் ஆடின. எதிரே ஸ்டோர்காரர், சாவிக்கொத்தோடு, தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் சின்னக் கம்பெனி. ஸ்டோரில் எது எவ்வளவு இருக்கிறது என்பது இத்தனை வருஷமாக ஸ்டோர்காரரின் நோட்டுக்கு மட்டுமே வெளிச்சம். இனி அது ஆகாது என்று, மூன்று மாதமாக இரண்டு சாஃப்ட்வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார் அம்மா. எது தேவலை என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவருடைய கொழுந்தனுக்கு.

"அண்ணி, இடது பக்கம் இருக்கிறது சாது. எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு, அவ்வளவுதான். வலது பக்கம் இருக்கிறது சரியான குடைச்சல். ஒரு திருகாணி குறைஞ்சாலும் ஏன்னு கேக்கும். ஆனா ரெண்டும் ஒரே விஷயத்தைக் காட்டிக் குடுத்திருக்கு."

"என்னத்தை?"

"பேரிங்ல பழுதுன்னு கழிச்சது, மூணு மாசமும் நூத்துக்கு அஞ்சு. நிஜமா உடைஞ்சா ஒரு மாசம் ரெண்டு, ஒரு மாசம் எட்டுன்னு முன்னப்பின்ன வராதா? இங்க அஞ்சு, அஞ்சு, அஞ்சு!"

அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கம்பெனி ஆரம்பித்த முதல் வாரமே சாவியைத் தூக்கி இந்த மனுஷன் கையில்தான் கொடுத்தார்.

"பதினோரு வருஷம் வாய் நிறைய அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேனே, என்னைச் சொல்லணும்! எந்தக் கடையில கொண்டுபோய்த் தள்ளினீங்க?"

"எங்கயும் தள்ளலம்மா."

"அப்ப எங்க இருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"சொல்லக் கூடாதா! கேட்டியா தம்பி, கொழுப்பை? சாவியை வச்சுட்டுக் கிளம்புங்க. நாளைக்கு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

ஸ்டோர்காரர் சாவியை மேஜையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

அம்மாவின் குரல் நொடியில் சர்க்கரையானது. "முப்பது கட்டிலுக்கா? நாளைக்கே வந்துடும் சார்! எங்க ஆபீஸ் சுவத்துல போர்டு பாத்திருக்கீங்கல்ல? 'சொன்ன தேதி தப்பாது.' இதுவரைக்கும் ஒரு தடவை தப்பியிருக்கோமா?"

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, ரெண்டு கம்ப்யூட்டர்லயும் பேரிங் பூஜ்யம். புதுசு வர ஆறு நாள் ஆகும்."

"அடப்பாவி! பேசறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

முப்பது கட்டில், நூத்திருபது சக்கரம், இருநூத்தி நாப்பது பேரிங். அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போர்டைப் பார்க்கவே கூசியது.

வாசல்வரை போன ஸ்டோர்காரர் திரும்பி வந்தார். மேஜையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனார். பழைய இரும்பு அலமாரி. துருப்பிடித்த சாமான்தான் கிடக்கும் என்று யாரும் தொடாத அலமாரி. அதைத் திறந்தார்.

உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, வரிசை வரிசையாகப் பேரிங்குகள். எல்லாம் புத்தம் புதுசு.

"இருநூத்தி எழுபது இருக்கும்மா. ஒண்ணுகூட உடையல."

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பென்சிலில் தேதிகள், பக்கத்திலேயே எத்தனை எடுத்தார் என்ற விவரம். முப்பது நாற்பது வரி இருக்கும். முதல் தேதியைப் பார்த்ததுமே அம்மாவுக்கு நினைவு வந்தது. கம்பெனிக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர், ஒரே நாளில் கொடுத்தோம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது.

தாளின் தலைப்பில் எழுதியிருந்தது: 'அம்மா நாளைக்கேன்னு சொன்ன நாட்கள்.'

அம்மாவுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"திருடன்னு சொல்ற வரைக்கும் கல்லு மாதிரி நின்னீங்களே! இப்படி எடுத்து வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா, அதையும் சேர்த்து யாருக்காவது வாக்குக் குடுத்துடுவீங்களேம்மா."

கொழுந்தன் மெல்லத் தொண்டையைச் செருமினான். "அப்ப... ரெண்டுல எதை வாங்கட்டும் அண்ணி?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன்மேல் பாய்ந்தார்.

"எதுல என் கண்ணுல படாம நூத்துக்கு அஞ்சை ஒளிச்சு வைக்க முடியுமோ, அதை வாங்கு. எப்படின்னு எனக்குக் காட்டாதே, இந்த அண்ணனுக்கு மட்டும் காட்டு!"