யார் வாங்கிய கேக்?

ஹேரன்வேன் ஐஸ் ஹாக்கி அணியின் உடை மாற்றும் அறையில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, பெட்டியில் ஓர் இளஞ்சிவப்புக் கேக் வெட்டாமல் இருக்கிறது. அணியை விட்டுப் போகிறவன்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்கி வைப்பது இங்கே வழக்கம். பதினைந்து வருடமாக ஆடும் மெயின்டெர்ட் வாசலிலேயே நின்று ஒவ்வொரு முகமாகக் கண்களால் துழாவுகிறான். மட்டைக்கு டேப் சுற்றும் சத்தம் சட்டென்று நிற்கிறது. கோல்கீப்பர் சீட்சே, கட்டி முடித்த ஸ்கேட் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். மெயின்டெர்ட் அவனிடம் கேட்கிறான்: “யாருடா கெளம்புறது? நீயா?” “நான் எங்கண்ணே போவேன்? என்னைய எவன் எடுப்பான்?” ஒருவரும் சிரிக்கவில்லை. கதவுவரை வந்த பயிற்சியாளர் மெயின்டெர்ட்டைக் கண்டதும் எதையோ மறந்தவர்போலத் திரும்பிப் போகிறார். மெயின்டெர்ட் கேக்கருகே போய்ப் பெட்டியின் மூடியைப் புரட்டுகிறான். பயிற்சியாளரின் கோணல் கையெழுத்து: ‘எல்லோருக்கும் அன்புடன், மெயின்டெர்ட்.’