லிவர்பூல் பிரபுவின் உள்துறை அமைச்சர்

“லிவர்பூல் பிரபுவின்ர அரசாங்கம் எத்தனை வருசம் நிண்டது?”

“பதினைஞ்சு. ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டில தொடங்கினது. மூண்டாம் ஜோர்ஜ் மன்னருக்குப் புத்தி தடுமாறி, மகன் ஆண்டுகொண்டிருந்த காலம்.”

“சரி. அந்த அமைச்சரவையில உள்துறை அமைச்சர் ஆர்?”

“சிட்மத் பிரபு.”

“பிழை!” குகதாசன் புத்தகத்தால் தன் தொடையில் ஓங்கி அடித்தான். “காசல்ரே பிரபு. சிட்மத் வெளிநாட்டு அமைச்சர். இஞ்சை பாருங்கோ, நூற்றி நாற்பத்திமூண்டாம் பக்கத்தில கொட்டை எழுத்தில கிடக்கு.”

எதிரே, கதிரை நுனியில் இருந்த ஸ்ரீஸ்கந்தராஜா தலையைச் சொறிந்தார். “அது அச்சகத்தில மாறிப் போச்சுது தம்பி. சிட்மத்தான் உள்துறை.”

குகதாசனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிரித்தானியாவுக்கு வந்து சேரும் தமிழருக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுப்பதில் பிளேஸ்டோ வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. பெட்ரோல் நிலையத்தில் வேலை, லீவு நாளில் இந்தத் தொண்டு. இந்த எண்பத்தேழாம் ஆண்டில் மட்டும் பதினான்கு பேரைக் கரையேற்றியிருந்தான். வலையைத் தொட்டே அறியாத ஒருவனை இரண்டே நாளில் மீனவனாக்கி அனுப்பிய பெருமை அவனுக்கு உண்டு. இத்தனை கேஸில் அவன் கண்டுகொண்ட உண்மை ஒன்றுதான்: கேஸில் சொல்லுகிற தொழிலை உண்மையில் செய்தவன் எவனும் அவனுடைய வாசலுக்கு வந்ததில்லை.

இவர் சரித்திர ஆசிரியராம். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் பிரித்தானிய வரலாறு படிப்பித்தவராம்!

“மாஸ்டர்,” என்றான். கேஸில் என்ன தொழிலோ அதைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவான். காது பழகட்டும் என்று. “பொய் சொன்னாலும் புத்தகத்தோட ஒத்துப் போக வேணும்.”

“நான் பொய் சொல்லேல்லை தம்பி. அந்தப் புத்தகம் நான்...”

“நீங்கள் படிப்பிச்ச புத்தகம். அதைத்தானே கேஸிலையும் எழுதியிருக்கிறன்! அந்தப் பக்கத்தை இங்கிலீசில மாத்தி, சாட்சியாகவும் வைச்சிருக்கிறன். விசாரிக்கிற குடிவரவு அதிகாரியள் அதிலதான் கேள்வி கேப்பாங்கள்.”

புத்தகம் அவர் பையில் வந்ததுதான். ஆனால் அட்டையும் இல்லை, முன் பக்கங்களும் இல்லை. வேறொருவரின் பாஸ்போட்டில் வருகிறவரிடம் சொந்தப் பெயர் போட்ட எதுவும் இருக்கக் கூடாது என்று, ஆளனுப்பிய ஏஜென்சிக்காரன் கிழித்து எறிந்துவிட்டானாம்.

“திருப்பிச் சொல்லுங்கோ. உள்துறை அமைச்சர்?”

ஸ்ரீஸ்கந்தராஜா யன்னலைப் பார்த்தார். “விசாரணை இல்லாமல் ஆக்களைப் பிடிச்சு அடைக்க வழி செய்தவர் சிட்மத். அதை வகுப்பில விளங்கப்படுத்தின கிழமைதான் என்னை ஆமி பிடிச்சது. அவற்ற பேர் எனக்கு எப்பிடி மாறும் தம்பி?” குரல் தழுதழுத்தது.

“ஆ! இது நல்லாயிருக்கு!” குகதாசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அங்கையும் இந்த இடத்தில இப்பிடியே குரல் உடைய வேணும். ஆனால் பேரை மட்டும் காசல்ரே எண்டு மாத்துங்கோ. உங்கட மனுசி வசந்தமலர் அக்காவும் ரெண்டு பிள்ளையளும் கொழும்பில லொட்ஜில கிடக்கினம். நீங்கள் தோத்தால் அவையும் வரேலாது, உங்களையும் பிளேன் ஏத்திப்போடுவாங்கள். நினைவிருக்கட்டும்.”

அவர் நினைவில் அதைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. தலையை ஆட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, விசாரணையின் முடிவுக் கடிதம் வந்தது. உள்ளே வரப் பொறுமையில்லாமல் வாசலிலேயே உறையைக் கிழித்த குகதாசனின் முகம் மூன்றாவது பந்தியில் கறுத்தது. அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னான்.

“மனுதாரர் தான் கற்பித்ததாகக் கூறும் நூலின் பக்கத்தை அவரே சமர்ப்பித்துள்ளார். அப்பக்கத்திலிருந்து கேட்ட கேள்விக்கு நூலுக்கு மாறாகப் பதில் சொன்னார். நூல்தான் பிழை என்றும் வாதாடினார். நாங்கள் நூலாசிரியரின் கூற்றையே ஏற்கிறோம். மனுதாரர் ஒருபோதும் சரித்திர ஆசிரியராக இருந்திருக்க முடியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னனே மாஸ்டர்! ஒரே ஒரு பேர்! அதை மாத்திச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையா?”

“அவை உண்மையைக் கேக்கினம் எண்டு நினைச்சன்.”

அந்தக் கோபத்திலும் குகதாசனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனுசன் பையில் மனைவியின் படத்தைத் தேடி எடுத்து, பார்க்காமலே திரும்பவும் உள்ளே வைத்தார். இவன் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தான்.

“இடிஞ்சு போகாதையுங்கோ. அப்பீல் இருக்கு. அதுக்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியுது. அந்தப் புத்தகத்தை எழுதின மனுசனை எங்கையெண்டாலும் தேடிப் பிடிக்க வேணும். அந்தாளே நேரில வந்து, ‘அச்சகத்தில மாறிப் போச்சுது, சிட்மத்தான் உள்துறை’ எண்டு வாயால சொல்ல வேணும். சொன்னால் ஆரும் நம்பத்தான் வேணும்!”

ஸ்ரீஸ்கந்தராஜா கடிதத்தை வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்தார்.

“அந்த மனுசன் வந்து சொன்னவர் தம்பி,” என்றார். “முதல் உங்களிட்டைச் சொன்னவர். பிறகு அவையிட்டையும் போய்ச் சொன்னவர்.”