கைப்பிடி இல்லாத கூடை

மூன்றாவது அடியில் மரியம் பீவியின் முதுகுத் துணி கிழிந்தது. திருக்கை மீனின் வாலைக் காயவைத்துச் செய்த சாட்டை அது. அதன் சொரசொரப்பு, துணியோடு தோலையும் உரித்துக்கொண்டு வரும்.

"கூடைய தள்ளி வைடா. ரத்தம் தெறிக்குது பாரு" என்றான் சகாதேவன்.

முனியன் சாட்டையை நிறுத்திவிட்டுக் கூடைகளைக் காலால் ஒதுக்கினான். மொத்தம் நாற்பத்தொரு பனையோலைக் கூடைகள். பழவேற்காட்டுக் கோட்டையை ஒட்டிய அந்தக் கிடங்கின் பாதித் தரையை அவை அடைத்துக்கொண்டிருந்தன.

சகாதேவன், ஒல்லாந்தர் கப்பலுக்கு அடிமைகளைச் சேர்த்துக் கொடுக்கும் வெளியூர்த் தரகன். பஞ்சம் பொறுக்காமல் தாங்களாகவே வந்தவர்களைத்தான் ஏற்றுவதாகக் கோட்டையில் எழுதிக் கொடுத்திருந்தான். உண்மையில், தனியாக அகப்படுகிறவர்களின் தலையில் சாக்கைக் கவிழ்த்து, முனியன் படகில் தள்ளிவிடுவான். முகத்தைப் பார்த்தால் கை தளரும் என்று, கப்பலில் ஏற்றும்வரை சாக்கை அவிழ்ப்பதில்லை.

சென்ற ஒரு வருஷத்தில் அப்படிக் காணாமல்போன ஒவ்வொருவருக்கும், யார் எவர் என்ற விவரத்தைப் பின்னலிலேயே பதித்து, மரியம் பீவி ஒரு கூடை முடைந்தாள். வெள்ளிக்கிழமை, ஒல்லாந்தரின் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து ஒரு துரை விசாரணைக்கு வருகிறார். அவர் முன்னால் வைப்பதற்காக, கோட்டைக்குப்பத்து ஜனங்கள் நேற்றுதான் எல்லாவற்றையும் அவள் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இன்று முனியன் கூடைகளையும் அவளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"இன்னா பீவி, இவ்ளோ கூடை கீது, ஒரு கெளுத்தி கூட இல்ல? அடுப்புக்குத்தான் ஆவும்." முனியன் ஒரு கூடையைத் தூக்கி, படகுக்குப் பூசும் கீல் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் எறியப்போனான்.

சகாதேவன் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "படிக்கிறதுக்கு முன்னாடியே எரிப்பியா, பேமானி?"

பிறகு அவளிடம் திரும்பினான். "சொல்லு பீவி. இத்த எப்டி படிக்கணும்?"

"நாப்பத்தோரு குடிய கெடுத்தவனுக்கு இன்னா படிப்பு வேண்டிக்கெடக்குது?"

முனியன் அவளுடைய இடக்கைச் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னுக்கு வளைத்தான். காய்ந்த மட்டை முறிவதுபோல ஒரு சத்தம். அவள் உதட்டைக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம்.

அந்த வலியிலும் அவள் மனம் ஒரு கணக்குப் போட்டது. கூடையின் அடியும் விளிம்பும் போனவரைப் பற்றிச் சொல்பவை. கைப்பிடிதான் வீட்டைச் சொல்லும். அதை மட்டும் பெற்றவர்களே கட்டுவார்கள், தங்கள் வலைக்குப் போடும் முடிச்சிலேயே. குப்பத்தில் வீட்டுக்கு வீடு முடிச்சு மாறும். அதைப் படித்துவிட்டால், சாட்சி சொல்லப்போகும் வீடுகளுக்கு இன்று மாலையே சாக்கு போய்விடும்.

கைப்பிடி தப்பினால் போதும். அடியைக் கொடுத்துவிடலாம்.

"அடிய பாரு" என்றாள். "ஓலை நேரா ஓடுனா ஆம்பள. சாய்வா ஓடுனா பொம்பள."

சகாதேவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கூடையாகக் கவிழ்த்துப் பார்த்தான். நேர் ஓலைக் கூடைகளை ஒதுக்கித் தள்ளினான். பத்தொன்பது மிஞ்சின.

"அப்பறம்?"

"செவப்பு ஓலைய எண்ணு. ஓலைக்கு ஒரு வயசு."

கூடை அடியிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே பரப்பிய ஓலைதான் மடங்கிச் சுவராக ஏறுகிறது. அதனால் சிவப்பு ஓலையின் எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பாதியில் ஓர் ஓலையைச் செருகினால் பின்னல் அங்கேயே புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவன் விரல் வைத்து எண்ணினான். ஒன்பது சிவப்பு ஓலை உள்ளவற்றை மட்டும் எடுத்தான். அவை மூன்று. மரியம் பீவி அந்த மூன்றையும் பார்த்தாள். ஒன்பது வயதுப் பெண்ணைப் பறிகொடுத்தவர்கள்தான் சாட்சி சொல்லப் போகிறார்கள் என்று எவனோ இவன் காதில் ஊதியிருக்கிறான்.

"எந்த மாசம்னு தெரியுமா இதுல?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாட்டை மீண்டும் இறங்கியது. ஒன்று. இரண்டு. ஐந்தாவது அடியில் அவள் முகம் தரையில் மோதியது.

"விளிம்புல முடிச்சு கீது... சித்திரைக்கு ஒண்ணு, வைகாசிக்கு ரெண்டு."

ஏழு முடிச்சு, ஐப்பசி. அப்படி ஒரே ஒரு கூடைதான் இருந்தது. அதற்குக் கைப்பிடி இல்லை.

"இதுக்கு மட்டும் ஏன் பிடி இல்ல?"

இந்தக் கூடை எந்த வீட்டையும் காட்டிக்கொடுக்காது. மரியம் பீவி பயமில்லாமல் தலையை நிமிர்த்தினாள்.

"பெத்தவங்க வந்தாத்தானே கட்டுவாங்க? ஏரிக்கரையில கிளிஞ்சல் பொறுக்கிக்கினு இருந்த வெளியூர்ப் பொண்ணு. வலை காயவெச்சவகிட்ட ஒம்போது வயசுன்னு சொல்லிச்சாம். பேர கேக்கறதுக்குள்ள சாக்கு வுழுந்துடுச்சி. உள்ள இருந்து 'நைனா, நைனா'ன்னு கத்திக்கினே போச்சாம். இவன் சாக்கு மேலயே எட்டி ஒதச்சானாம்."

முனியன் சிரித்தான். "ஆமா, எத்தினியோ ஒதச்சேன். எது எதுன்னு யாரு கண்டது?"

சகாதேவன் எழுந்து அவன் கையிலிருந்த சாட்டையை வாங்கிக்கொண்டான்.

இனி இவனே அடிப்பான் என்று மரியம் பீவி கண்ணை மூடினாள். சாவதற்குள் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. "எட்டு மாசமாச்சி. அந்த நைனா எங்க செத்தானோ, ஒரு தபா கூட தேடி வரல!"

சாட்டை காற்றைக் கிழித்தது. அலறல் கேட்டது. மறுபடி சாட்டை, மறுபடி அலறல். அவள் முதுகில் எதுவும் படவில்லை.

கண்ணைத் திறந்தாள். முனியன் முகத்தைப் பொத்திக்கொண்டு ரத்தத்தில் புரண்டுகொண்டிருந்தான். சகாதேவன் ஒரு கையால் அவனை அடித்துக்கொண்டே இருந்தான். மறு கை கூடையை மார்போடு அணைத்திருந்தது.

"வந்துட்டேன், பீவி."