மாப்பிள்ளை ஓட்டிய டெஸ்ட் டிரைவ்

"லைசென்ஸை எடுங்க சார். ஒரிஜினல். அது இல்லாம வண்டியைத் தொட முடியாது."

"வீட்லயே வச்சுட்டு வந்துட்டேனே தம்பி!" என்றார் வண்டி பார்க்க வந்த தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டே.

மாப்பிள்ளையின் கண் சுருங்கியது. அந்த ஷோரூமில் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளைதான். முதலாளியின் மகளைக் கட்டியதில் அந்தப் பெயர் வந்தது. அந்தப் பெயரால் சேல்ஸ்மேன் வேலை வந்தது.

போன மாதம் ஒருவர் டெஸ்ட் டிரைவ் என்று சொல்லிப் புத்தம் புது பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அன்று சாப்பாட்டு மேஜையில் மாமனார் நிதானமாகச் சொன்னார்: "இன்னொரு வண்டி போச்சுன்னா, நீங்களும் அது பின்னாலயே போயிடுங்க மாப்பிள்ளை. திரும்பி வர வேணாம்." மனைவி அப்பாவுக்கு மட்டும் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

"அப்ப நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பாருங்க" என்றான் மாப்பிள்ளை.

"அதுவும் சரிதான். ஓட்டாத ஆளுக்கு எதுக்கு லைசென்ஸ்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் இவ்வளவு சிரிக்கிற ஆளை நம்ப மனசு வரவில்லை.

பிக்கப் வண்டி கிளம்பியது. இரண்டு பக்கமும் ஷோரூம் பெயர் கொட்டை எழுத்தில் மின்னியது.

"தினப்படிக்கு ஒத்து வருமா தம்பி? ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட்டுன்னு?"

"நடுத்தர சைஸ் சார். பார்க்கிங்ல பெருசா தொல்லை தராது. காலியா ஓட்டினா பின்னாடி கொஞ்சம் துள்ளும், அவ்வளவுதான்."

"டேங்க் நிரப்பினா எவ்வளவு தூரம் ஓடும்?"

ஓடிப்போகக் கணக்குப் போடுகிறான்! "ரொம்ப தூரமெல்லாம் ஓடாது சார்" என்றான் மாப்பிள்ளை, சேல்ஸ்மேன் வாயிலிருந்து வரக் கூடாத வார்த்தையை.

"பின்னாடி வர்றவங்க கண்ணாடியில நல்லா தெரிவாங்களா?"

துரத்துகிறவர்கள் தெரிய வேண்டுமாம்! மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"சரி, இழுவை எப்படி?"

"மூணு டன்னை அசால்ட்டா இழுக்கும்."

"போற இடத்துல எல்லாம் இதையேதான் சொல்றாங்க. என்கிட்ட ஒரு படகு இருக்கு. அதை மாட்டி ஏத்தத்துல ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டா மனசு ஆறிடும். வீடு பக்கத்துலதான்."

நீளமான மதில் சுவர் வைத்த வீடு. சுவரோரமாக டிரெய்லர் மேல் வெள்ளை மோட்டார் படகு ஒன்று நின்றது.

"ஹாரன் மட்டும் அடிச்சுடாதீங்க தம்பி. வீட்ல தலைவலின்னு படுத்திருக்கா. எழுப்பினா அப்புறம் நமக்குத் தலைவலி."

ரிவர்ஸ் கேமராவைப் பார்த்து, கொக்கிக்கு நேராக வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான் மாப்பிள்ளை. "இறங்கி மாட்டுங்க சார்."

"இடுப்பு பிடிச்சிருக்கு. குனிஞ்சா நிமிர மாட்டேன். நீங்களே மாட்டிடுங்களேன்."

அப்படியா சங்கதி! நான் இறங்கினதும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாவி, ஒரே அழுத்து. மாப்பிள்ளை என்ஜினை அணைத்தான், சாவியைப் பேன்ட்டின் உள்பையில் ஆழமாகப் புதைத்தான், பிறகுதான் காலைக் கீழே வைத்தான். கொக்கியை மாட்டி, சங்கிலியைப் பூட்டி, விளக்கு வயரைச் செருகுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நடுநடுவே எட்டி எட்டிப் பார்த்தான். அந்த ஆள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். நடிப்பு!

ஏற்றத்தில் வண்டி திணறவே இல்லை.

"பலே! இறக்கத்துல எப்படி?"

"பாரம் பின்னாலிருந்து தள்ளும் சார். பிரேக்கை முன்கூட்டியே மிதிச்சுப் பழகிக்கணும்."

"அப்படியே ஏரிக்கரைக்குப் போயிடுவோம். படகைத் தண்ணியில இறக்கற சரிவுல இழுத்துட்டா, பரீட்சை முடிஞ்ச மாதிரி."

சரிவில் மாப்பிள்ளை வண்டியைப் பின்னால் எடுக்க, டிரெய்லர் தண்ணீரில் முங்கி, படகு மெல்ல மிதந்தது. தொப்பிக்காரர் ஒரே தாவலில் படகில் ஏறினார். இடுப்பு என்னாயிற்று என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. அவர் வண்டியை விட்டு இறங்கியதே பெரிய விஷயம்.

"வண்டி பிரமாதம் தம்பி! அக்கரையில மெக்கானிக்கிட்ட இந்தப் படகைக் காட்டிட்டு, வீட்லயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன். டிரெய்லர் இங்கயே கிடக்கட்டும், என் தம்பி வந்து எடுத்துப்பான்."

வாங்க மாட்டான் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட, திருட முடியவில்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கும். என்கிட்டயா நடக்கும்? டிரெய்லரைக் கரையில் ஏற்றிக் கழற்றிவிட்டு, விசிலடித்தபடி ஷோரூமுக்குத் திரும்பினான்.

வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். ஓ, போன மாதத்து வண்டி விசாரணை! நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறார்கள்.

"மாமா! வண்டி பத்திரம்!" சாவியை உயர்த்திக் காட்டினான். "ஒருத்தன் வந்தான். சரியான ஃபிராடு மூஞ்சி. ஸ்டீயரிங் பக்கமே விடலையே நான்!"

"அப்ப ஓட்டினது நீங்கதான்?" என்றார் மூத்த போலீஸ்காரர்.

"நானேதான் சார். முழுக்க முழுக்க."

"படகை மாட்டினது?"

"அதுவும் நான்தான். அவனைக் கீழயே இறங்க விடல."

"அவன் பேரு, ஊரு ஏதாவது?"

"ஓட்டாத ஆள்கிட்ட எதுக்கு சார் அதெல்லாம்?"

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெளியூர் போயிருந்த படகோட சொந்தக்காரர் அவர் வீட்டுக் கேமராவிலிருந்து இதை அனுப்பியிருக்காரு" என்று போலீஸ்காரர் செல்போனை நீட்டினார். ஷோரூம் பெயர் போட்ட வண்டியில் படகை மாட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் ஒரே ஒரு ஆள்.