கருப்பம்மா வீட்டுச் சுவர்

கிட்ட வந்து உட்காருங்க. குளிருக்கு நெருக்கி உட்கார்ந்தால்தான் கதையும் சூடாக இருக்கும்.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற மூணாம் நம்பர் லயம். அந்த லயத்திலிருந்து பதுளைக்குக் கெம்பஸ், அதான் பல்கலைக்கழகம், படிக்கப் போன முதல் பிள்ளை ஜீவராணி.

தோட்டத்துக்குப் பைப் தண்ணீர் வந்த கதையைக் கட்டுரையாக எழுதினாள். ஆதாரத்துக்கு ஒரு பழைய பத்திரிகைச் செய்தியையும் சேர்த்தாள். அதை எங்கிருந்து எடுத்தாள் என்று காட்ட வேண்டிய கடைசிப் பக்கத்தில், வெள்ளை மனசோடு இப்படி எழுதிவிட்டாள்: "எங்கள் லயத்துச் சுவரில் ஒட்டியிருந்த பேப்பர்."

காமிலா மிஸ் அதை வகுப்பில் வாசித்தார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"சுவருக்கு என்ன திகதி, எத்தனையாம் பக்கம்?" என்றார் மிஸ். "எழுதினவர் பேர், தலைப்பு, பத்திரிகையின் பேர், திகதி, பக்கம். அஞ்சும் வேணும். யாருடையதுன்னு சொல்லாம எடுத்தா அது களவு. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம். இல்லேன்னா இந்தப் பாடத்தை அடுத்த வருசம் திரும்பப் படிக்க வேண்டியதுதான்."

அவளிடம் இருந்தது தலைப்பும் எழுதினவர் பேரும் மட்டும். எந்தப் பேப்பர், எந்த வருசம் என்று தெரியாமல் லைப்ரரியில் போய் என்னத்தைத் தேடுவது? மீதி மூன்றும் அந்தப் பக்கத்தின் உச்சியில் இருக்கும். உச்சியை ஒரு கலண்டர் மூடியிருந்தது.

சுவரும் கலண்டரும் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவுடையவை. குளிருக்குச் சுவரில் மாப்பசை தடவிப் பேப்பர் ஒட்டுவது லயத்து வழக்கம்தானே. ஆனால் கருப்பம்மாவின் வாய்க்குப் பயந்து அந்தச் சுவர்ப்பக்கம் யாரும் போக மாட்டார்கள். ஜீவராணியும் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துத்தான் அந்தச் செய்தியை எழுதிக்கொண்டாள்.

ஜீவராணி பஸ்ஸுக்குப் புறப்பட்டால் போதும். "அந்தா போறா பாரு, மூஞ்சியும் மொகரையும்! இது படிச்சுக் கிழிச்சிரும்!" என்று எதிர் மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கும்.

வியாழக்கிழமை, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த கருப்பம்மாவிடம் ஜீவராணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பெரியம்மா, அந்தக் கலண்டரைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கவா? பின்னால திகதி பாக்கணும்."

"திகதி பாக்கணும்னா கலண்டருக்கு முன்னால பாருடி!"

"அது மூணு வருசத்துப் பழசு பெரியம்மா. எதுக்கு இன்னும் மாட்டி வச்சிருக்கீங்க?"

"என் சுவரு, என் கலண்டரு. தொட்டேன்னா கை இருக்காது."

கருப்பம்மா கதவைப் படாரென்று சாத்தினாள்.

'எழுத்து வாசனை இல்லாத சென்மம். அடுத்த வீட்டுப் புள்ள படிப்பு நாசமாப் போனா இதுக்கென்ன?' ஜீவராணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கருப்பம்மா பெரட்டுக்குப் போனதும், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம் பார்த்து, ஜீவராணி பூனை மாதிரி உள்ளே போய்க் கலண்டரைக் கழற்றினாள்.

பக்கத்தின் உச்சி அப்போதும் தெரியவில்லை. அதன் மேல் இன்னொரு பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு பெண் பிள்ளையின் படம். நெற்றியில் நிஜக் குங்குமம்.

ஜீவராணியுடைய படம்.

கெம்பஸுக்குத் தெரிவான செய்தியோடு பேப்பரில் வந்தது. அன்றைக்குப் பண்டாரவளை முழுக்க அலைந்தும் ஒரு பிரதி கிடைக்காமல் அம்மா அழுதது இதற்காகத்தான்.

"தொட்டுட்டியா?"

கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்குத் துணியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த கருப்பம்மா வாசலில் நின்றாள்.

"பெரியம்மா... இது எப்படி உங்ககிட்ட?"

"இத்ரூஸ் நானா கடையில கருவாடு சுத்திக் குடுத்தாரு. பிரிச்சா ஒன் மூஞ்சி! கருவாட்டை அப்படியே கொட்டிட்டு, படத்தை அலசிக் காயப்போட்டு ஒட்டுனேன். வாறவ போறவ எல்லாம் வாயப் பொளந்து பாத்தா கண்ணு பட்டுராது? அதான் மூடி வச்சேன்."

"அப்ப தெனமும் என்னைத் திட்டுறது?"

"ஊரு மெச்சுற புள்ளைய வீட்டாளு திட்டணும்டி. இல்லேன்னா திருஷ்டி எப்படிக் கழியும்? இத்தன படிக்கிற, இது தெரியல!"

ஜீவராணி தலை குனிந்தாள். "வேணாம் பெரியம்மா. எனக்கு வேண்டிய திகதி இந்தப் படத்துக்கு அடியில இருக்கு. எடுத்தா படம் கிழிஞ்சிரும். நான் அடுத்த வருசமே படிச்சுக்கிறேன்."

கருப்பம்மா படத்தை ஒருதரம் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்ச் சுடுதண்ணீரும் துணியும் கொண்டுவந்து, தானே நனைக்கத் தொடங்கினாள்.

"லேட்டாப் போனா இன்னைக்கு வேலை தரமாட்டாங்க பெரியம்மா."

"தராட்டிப் போறாங்க."

முதலில் கன்னம் கரைந்தது. பிறகு குங்குமம் வைத்த நெற்றி. அடியில் பத்திரிகையின் பேர், திகதி, பக்கம் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன.

"எழுதிக்க. அசலே கண்ணு முன்னால நிக்குது, படம் எதுக்கு எனக்கு? மூக்கச் சிந்துடி, பஸ்ஸு போயிரும்!"

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டுரை மிஸ்ஸின் மேசைக்குப் போனது. கேட்ட அஞ்சும் இருந்தன. கீழே, கேட்காத ஆறாவது ஒன்று: "கிடைத்த இடம்: கருப்பம்மா வீட்டுச் சுவர். அவருக்கு என் நன்றி."

அந்த வரிக்குப் பக்கத்தில் மிஸ் பெரிதாக ஒரு சிவப்புச் சரி அடையாளம் போட்டுக் கொடுத்தார்.

ஜீவராணி அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து, படம் இருந்த இடத்தில் மாப்பசை தடவி ஒட்டினாள். கருப்பம்மாவின் பேருக்குக் குங்குமம் வைத்தாள். பழைய கலண்டரை எடுத்து அதன் மேல் மாட்டினாள்.

பிறகு வாசலில் வந்து நின்று, எதிர் மலைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"இந்தப் பெரியம்மாவப் பாருங்க, மூஞ்சியும் மொகரையும்!"