கைதட்டு வாங்கிய வசனம்

பெட்டியும் கையுமாக மருமகள் வாசலில் நின்றாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"இன்னைக்கு என்னம்மா?" மாமியார் அலுப்போடு கேட்டாள்.

"வேலைக்குப் போறேன்னேன் அத்தை. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு, 'அடங்கினாத்தான் பொண்ணு, அடக்கினாத்தான் ஆம்பளை'ங்கிறாரு உங்க பிள்ளை. சினிமா வசனமாம். எழுதின கை அழுகிப் போக!"

அவள் தலையைத் தடவப்போன மாமியாரின் கை பாதியில் நின்றது.

மாமியாரின் செல்போன் அடித்தது. படக் கம்பெனிக்காரர். வீட்டாரைப் பொறுத்தவரை அவள் அங்கே டைப் அடிப்பவள்.

"திரையில உங்க பேர் வராட்டி என்னம்மா? நீங்க எழுதின அந்த வசனத்துக்குத் தியேட்டரே அதிருது! பசங்க வாயில வேற பேச்சே இல்ல. அடுத்த படத்துக்கும் அதே மாதிரி..."

"எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்திருச்சு சார்," என்றாள், பெட்டியைப் பார்த்தபடி.