ஐம்பதா, அறுபத்திரண்டா

மதிய வெயிலில் முல்லைத்தீவு வீதி நேராக நீண்டு மினுங்குகிறது. யோகலிங்கம் பழைய மோட்டார் சைக்கிளை ஒரே வேகத்தில் பிடித்திருக்கிறான். கண் முழுக்க மீற்றர் முள்ளில். ஐம்பதில்தான் வந்தேன் என்று சத்தியம் பண்ணியும் வேகம் கூடவென்று பொலிஸ் எழுதித் தந்த துண்டு சட்டைப்பையில் படபடக்கிறது. நாளைக்கு வழக்கு. பின்னால் மனைவி சுமித்திரா போனில் வேகம் பார்க்கிறாள். “இஞ்ச முள்ளு அம்பது. போன் என்ன சொல்லுது?” “அறுபத்திரண்டு காட்டுதப்பா.” “விசர்ப் போன்! பதினெட்டு வருசமா இதிலதான் ஓடுறன்.” “அப்ப பொலிஸ் சொன்னது சரியோ?” ஓரமாக நிறுத்துகிறான். எஞ்சின் அடங்குகிறது. முள் நடுங்கிப் பூச்சியத்தில் படுக்கிறது. “இப்ப பாரும்.” அவள் திரையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பார்க்கிறாள். “மூண்டு.” “நிக்கிறமப்பா!” “ஓம். ஆனா மூண்டு.” யோகலிங்கம் குனிந்து, தாரில் ஊன்றியிருக்கும் தன் இரண்டு கால்களையும் பார்க்கிறான்.